டார்ச் புடிச்சதுக்கு கறியா?

அன்புள்ள சார்,

நான் விஸ்கான்சின்ல ஐடி வேலைல இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் வில்லு வச்சு மான் வேட்டைக்குப் போறவர். போன சீசன்ல ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, டார்ச் எடுத்துட்டு வர முடியுமான்னு கேட்டார், போனேன். அவர் ஃப்ரெண்ட்ஸ் சில பேர் ஏற்கனவே காட்டு ஓரத்துல நின்னாங்க. எல்லாரும் குனிஞ்சு இலைல ரத்தம் தேடிட்டே போனோம், ரொம்ப நேரம் கழிச்சு மான் கிடைச்சது. அவர் மண்டி போட்டு அது கழுத்துல கைய வச்சு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் ஆளாளுக்கு கட்டிப்புடிச்சு தேங்க்ஸ், எனக்கும் சேர்த்து. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்கு கறி பாக்கெட் வந்துச்சு. கொன்னுட்டு நன்றி சொல்றது எனக்கு நாடகமா படுது. டார்ச் புடிச்சதுக்கா கறி? காசு குடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் மனசுக்குள்ள பூந்து பாக்க நம்மால முடியாது. போட்டோவுக்கு போஸ் குடுத்துக்கிட்டே மானுக்கு நன்றி சொல்றவங்க மேல எனக்கும் பெருசா மரியாதை இல்ல. ஆனா நீங்க எழுதினதுல கேமராவே வரலயே, நடுராத்திரில குனிஞ்சு ரத்தம் தேடினதுதான் வருது, எனக்கு அதுதான் முக்கியமா படுது.

துப்பாக்கி குண்டு மாதிரி அம்புக்கு அதிர்ச்சி கிடையாது. முனைல இருக்கற பிளேடு உள்ள அறுத்துட்டுப் போகும், ரத்தம் வடிஞ்சுதான் மான் சாகணும், அதனால 20, 30 கெஜத்துல நின்னு சரியா அடிச்சாலும் அது ஓடிடும். உடனே பின்னாடி ஓடவும் கூடாது, தொரத்தினா எங்கயாவது படுத்த மான் எழுந்து இன்னும் தூரம் போயிடும். அதனால ரத்தத்தப் பாத்து கணக்கு போடுவாங்க. நுரையோட பளிச்சுனு சிவப்பா இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்தா போதும். கருஞ்சிவப்புன்னா கல்லீரல், மணிக்கணக்கா உக்காரணும். பச்சையா நாத்தத்தோட இருந்தா குடல்ல பட்டுருக்கு, 8லேர்ந்து 12 மணி நேரம் வரைக்கும் விடணும்னு சொல்வாங்க. அப்புறம் இருட்டுல தேடறப்ப ஒருத்தர் கடைசியா ரத்தம் பாத்த எடத்த விட்டு நகராம நிக்கணும், இன்னொருத்தர் முன்னாடி போய் அடுத்த துளிய தேடணும், இத ஒத்த ஆளா பண்றது ரொம்ப கஷ்டம். கிடைக்காம போனா அந்த மான் எங்கயோ கிடந்து வீணா சாகும், வில்வேட்டைக்காரங்களுக்கு அதைவிட பெரிய அவமானம் கிடையாது. உங்க பக்கத்து வீட்டுக்காரர் அன்னிக்கு அந்த அவமானத்துக்கு பக்கத்துல நின்னுட்டு இருந்தார் சார், நீங்க டார்ச்சோட வந்தீங்க.

வில்லு பலவீனமான ஆயுதம், அதனாலதான் அதுக்கு ஆளுங்க தேவைப்படறாங்க. இது அமெரிக்கா சமாச்சாரம் மட்டும் இல்ல. போட்ஸ்வானா, நமீபியா எல்லைல கலஹாரில இருக்கற ஜுவான்சி மக்கள எடுத்துக்கோங்க. அவங்க வில்லு இன்னும் சின்னது, ஒரு வண்டோட புழுவுலேர்ந்து எடுக்கற விஷத்த அம்புல தடவுவாங்க, அதுவும் கூர்முனைல தடவாம அதுக்குப் பின்னாடி, ஏன்னா கை தவறி குத்திக்கிட்டா செத்தோம். பெரிய மிருகம்னா விஷம் ஏறி விழறதுக்கு ஒரு நாளுக்கு மேலகூட ஆகும், ஊருக்குத் திரும்பி வந்து மறுநாள் ஆள் சேத்துக்கிட்டு தடம் பாத்து போவாங்க. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, அம்ப ஒருத்தருக்கொருத்தர் கைமாத்து மாதிரி குடுத்து வாங்கிப்பாங்க, கறிய பங்கு போடற பொறுப்பு அடிச்சவனுக்குப் போகாது, அம்பு யாரோடதோ அவங்களுக்குத்தான். வேட்டைக்கே போகாத ஒரு கெழவர் குடுத்த அம்பா இருந்தா அவர்தான் பங்கு போடுவார், பொம்பளைங்க அம்பா இருந்தாலும் அப்படித்தான்.

ஆனா அங்க நன்றியே சொல்ல மாட்டாங்க, திட்டுவாங்க! 1960கள்ல ரிச்சர்ட் லீன்னு ஒரு மானுடவியலாளர் அவங்களோட இருந்தப்ப கிறிஸ்துமஸ் விருந்துக்காக நல்லா கொழுத்த மாடு ஒண்ணு வாங்கினார், ஊரே வந்து 'என்ன இது வெறும் எலும்பு'ன்னு கிண்டல் பண்ணுச்சு, மனுஷன் நொந்துட்டார். அப்புறம்தான் சொன்னாங்க, பெருசா அடிச்சுட்டு வர்ற பையனையும் இப்படித்தான் பேசுவோம், இல்லன்னா தன்ன பெரிய தலைவன்னு நெனச்சுக்குவான்னு. கட்டிப்புடிக்கறதும் திட்டறதும் வேற வேற மாதிரி இருக்கு, ரெண்டு எடத்துலயும் 'இது உன் ஒருத்தனால ஆகல'ன்னுதான் சொல்றாங்க.

இதுக்குன்னு நான் அமெரிக்க வில்வேட்டைக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கல. வில்லு கத்துக் குடுத்தவருக்கு பட்ட ஆரம்பக் கடனயே அவங்க சரியா அடைக்கல. 1911 ஆகஸ்ட்ல கலிபோர்னியால ஓரோவில் ஊர்ல ஒரு மனுஷன் பட்டினியோட வெளிய வந்தார், வெள்ளைக்காரங்க அழிச்ச யாஹி இனத்துல கடைசி ஆள். இஷின்னு கூப்பிட்டாங்க, சான் பிரான்சிஸ்கோ மியூசியத்துல தங்க வச்சாங்க. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் சாக்ஸ்டன் போப்புக்கு வில்லு செய்யறது, பதுங்கிப் போறது எல்லாம் கத்துக் குடுத்தார், ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். 1916ல காசநோய்ல இஷி செத்தார். அதுக்கப்புறம் போப் எழுதினதப் படிச்சுத்தான் நெறைய பேர் வில்லெடுத்தாங்க, 1934ல உங்க விஸ்கான்சின்லயே வில்லுக்குன்னு தனி மான் சீசன் வந்துச்சு. 1961ல ஆரம்பிச்ச வில்வேட்டைக்காரங்க கிளப்புக்கு போப் பேரும் அவர் கூட்டாளி யங் பேரும் வச்சாங்க. இஷி பேர்ல அங்க ஒரு அவார்டு இருக்கு, எதுக்குன்னா ரெக்கார்டு சைஸ் மிருகத்த அடிச்சதுக்கு! இஷியோட மூளைய எடுத்து ஸ்மித்சோனியன் மியூசியத்துல வச்சிருந்தாங்க, 2000லதான் அவரோட உறவு இனத்து மக்கள்கிட்ட வந்து சேர்ந்துச்சு.

காசு விஷயம், குடுத்துடாதீங்க. மரியாதைக் குறைவுங்கறது ஒரு பக்கம், சட்டப்படியே கூடாது. வியாபாரத்துக்காக வேட்டையாடி அங்க மானையே கிட்டத்தட்ட காலி பண்ணிட்டாங்க, அதனால வேட்டையாடின மான் கறிய விக்கறது தப்பு. கடைல கிடைக்கறது பண்ணைல வளத்தது. உங்க பக்கத்து வீட்டுக்காரர் அடிச்ச கறிய ஒண்ணு அவர் தின்னணும், இல்ல சும்மா குடுக்கணும், வேற வழியே இல்ல.

சமைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. விஸ்கான்சின் மான்கள்ல சிடபிள்யூடின்னு மூளைய அரிக்கற நோய் இருக்கறத 2002ல கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் உறுதியாகல, ஆனாலும் அது இருக்கற கறிய சாப்பிடக்கூடாதுன்னுதான் சொல்றாங்க. மாநில அரசே ஃப்ரீயா டெஸ்ட் பண்ணுது, சாம்பிள் குடுத்தாரா, ரிசல்ட் வந்துச்சான்னு கூச்சப்படாம கேளுங்க, அவங்களுக்கு இது சகஜமான கேள்விதான். சரின்னா குழம்பு வைங்க, கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க, ஒரு டப்பா அவர் வீட்டுக்கும் போகட்டும், காரம் மட்டும் பாத்து.

அன்புடன்.