மதிப்பும் கனிவும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைமை ஏற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. “யாரிடமும் மனம்விட்டுப் பேசாதே, தலைமேல் ஏறிவிடுவார்கள்” என்று என் மேலதிகாரி அன்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்து வருகிறேன். சென்ற மாதம் குழுவில் ஒருவர், தந்தை இறந்துவிட்டதால் நான்கு நாள் விடுப்பு வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். “விடுப்பு அனுமதிக்கப்பட்டது. பணி ஒப்படைப்பு விவரங்களை அனுப்பவும்” என்று பதில் எழுதினேன். அதன் பிறகு எவரும் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. வீட்டிலும் நான் அதே குரலில்தான் பேசுவதாகக் கணவர் வருந்துகிறார். மனிதத்தன்மையைக் காட்டினால் மதிப்புப் போய்விடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மேலதிகாரியின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1966இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வினாடி வினாப் போட்டிக்கான தேர்வின் ஒலிப்பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பதிவில் பேசுபவர் கடினமான கேள்விகளில் 92 விழுக்காட்டுக்குச் சரியான விடை சொல்கிறார்; இன்னொன்றில் 30 விழுக்காட்டுக்குத்தான். சில பதிவுகளின் இறுதியில் அவர் காப்பியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு பதறுவதும் கேட்கும். திறமையானவர் அப்படித் தடுமாறியபோது அவர்மேல் விருப்பம் கூடியது. சுமாரானவரோ அதே தடுமாற்றத்தால் இன்னும் இறங்கிப்போனார். வேலையில் கோட்டைவிடுகிறவர் தன் பலவீனத்தையும் காட்டினால் மதிப்பு குறையலாம்; வேலையைச் செவ்வனே செய்கிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு செயல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நம் மனத்தைப் பிறருக்குத் திறந்து காட்டுவது ஒன்று. பிறர் மனத்தில் இருப்பதைக் கவனித்தோம் என்று அவருக்குத் தெரிவிப்பது மற்றொன்று. முதலாவதற்கு அளவும் இடமும் பார்க்க வேண்டும். இரண்டாவதால் எந்த அதிகாரியும் மதிப்பிழந்து நான் பார்த்ததில்லை. அந்த மின்னஞ்சலில் நீங்கள் தவறவிட்டது இதைத்தான். தந்தையை இழந்தவருக்கு, “செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன், வேலையைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்” என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஒப்படைப்பு விவரங்களை வேறு ஒருவரிடம் கேட்டிருக்கலாம், மறுநாள்கூடக் கேட்டிருக்கலாம்.

கனிவு காட்ட நேரமில்லை என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியைப் பார்க்க வரும் மருத்துவர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். 2012இல் வெளியான அந்த ஆய்வில், இரு விதத்திலும் அவர் செலவிட்டது சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. ஆனாலும் அவர் உட்கார்ந்து பேசியபோது, நெடுநேரம் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் உணர்ந்தார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதற்கே இவ்வளவு பொருள் இருக்கிறது.

ஒரு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். துக்கம் விடுப்பு முடியும் நாளோடு முடிவதில்லை. எல்லோரும் விசாரித்து ஓய்ந்த பிறகு வரும் விசாரிப்பு மனத்தில் நிற்கும். அவரைத் தனியாகச் சந்தித்து, அன்று நான்கு சொல் ஆறுதலாக எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஏன் எழுதவில்லை என்ற விளக்கம் வேண்டாம். விளக்கம் தொடங்கியதும் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும், அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். அவருடைய தந்தையைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

இனி, உங்கள் மனத்தை எவ்வளவு திறக்கலாம் என்பது. “இது எனக்குத் தெரியவில்லை”, “அந்த முடிவு தவறு” ஆகிய இரண்டையும் தயங்காமல் சொல்லலாம். மருத்துவமனைக் குழுக்களை 1990களில் ஆராய்ந்த எமி எட்மன்ட்சன், சிறப்பாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். அவற்றில்தான் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் பேச முடிந்ததே காரணம் என்று அவர் கண்டார். தலைமையில் இருப்பவர் முதலில் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கத் துணிவு வருகிறது. அதே சமயம், உங்கள் குடும்பக் கவலைகளையும் மேலதிகாரி மீதான கோபத்தையும் கீழே பணிபுரிவோரிடம் கொட்டாதீர்கள். கேட்க விருப்பமில்லாவிட்டாலும் அவர்களால் எழுந்து போக முடியாது. அந்தப் பேச்சுக்கு உங்களுக்கு நிகரான ஒரு நண்பர் வேண்டும்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. உணர்ச்சியை நாள் முழுதும் அடக்கிப் பழகிய மனம், வாசல்படி தாண்டியதும் தானாக இளகிவிடாது. அலுவலகத்தில் கொஞ்சம் இளகினால் வீட்டிலும் அது எளிதாகும் என்று நம்புகிறேன். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்.