கடலோரத் தாழையை வெட்டிவிட்டுப் பாக்கு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, கிரேட் நிக்கோபார் தீவில் கேம்பல் பே பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா முன்னாள் படைவீரர், குடியேற்றத்தில் கிடைத்த நிலம். தோப்பின் கடலோர ஓரத்தில் தாழை மாதிரி ஒரு மரம், தென்னையில் பாதி உயரம். பலாக்காய் பருமனுக்குக் காய்க்கிறது, ஆனால் ஊரில் பார்த்த தாழம்பூ ஒன்றுகூடப் பூத்ததில்லை. நிக்கோபார் நண்பர் ஒருவர் இதைச் சாப்பிடலாம் என்கிறார். வெட்டிவிட்டுப் பாக்கு வைக்கலாமா, இல்லை வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் கன்று எடுப்பது எப்படி?

பதில்: வெட்டாதீர்கள். உங்கள் நண்பர் சொன்னது சரி. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது நிக்கோபார் தாழை. அறிவியல் பெயர் பாண்டனஸ் லேரம். நம் கரையோரத் தாழைக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆனால் அது புதர், இது மரம். அந்தத் தீவுகளில் நெல்லும் கோதுமையும் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்னால் மக்களின் வயிற்றை நிரப்பியது இதுவும் தேங்காயும் கிழங்கும்தான். உங்கள் தீவின் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்களுக்கு இன்றும் இது முக்கிய உணவு.

பூக்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஊரில் நாம் தாழம்பூ என்று தலையில் வைக்கும் வெள்ளை மடல் ஆண் மரத்துடையது. உங்களிடம் இருப்பது பெண் மரம், அதனால்தான் காய்.

கன்று எடுக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. விதை போட்டால் ஆணா பெண்ணா என்று தெரியப் பல வருடம் காத்திருக்க வேண்டும். காய்க்கும் மரத்தின் கிளையையோ, தண்டின் பக்கத்தில் கிளம்பும் பக்கக்கன்றையோ வைத்தால் தாயைப் போலவே பெண்ணாக வரும், காய்ப்பும் முன்னாலேயே வரும். பசிபிக்கில் கிரிபாட்டி, மார்ஷல் தீவுக்காரர்கள் தங்கள் தாழையில் நல்ல ரகங்களைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கிளை நட்டே காப்பாற்றி வருகிறார்கள். அவர்களிடம் தாழை ரகங்களுக்குப் பெயர் வைப்பது நாம் மாம்பழத்துக்குப் பெயர் வைப்பது போலத்தான்.

அடியில் விழுது முளை தெரியும் பக்கக்கன்றாகப் பாருங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும், நசுங்கிய வெட்டு அழுகிவிடும். இலைகளைப் பாதிக்கு மேல் நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் பிடிப்பதற்குள் தண்ணீரை இழந்து வாடும். வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, மே கடைசியில் மழை இறங்கியதும் நடுங்கள். மணலில் மக்கிய எரு கலந்தால் போதும். ஒரு சாண் ஆழம் போதும், ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். காற்றுக்கு ஆடாமல் குச்சி கட்டுங்கள். மரத்துக்கு மரம் 15 முதல் 20 அடி.

பெரிய மரத்தின் விழுதுகளை வழியை மறைக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். தாழைக்கு ஆணிவேர் கிடையாது, அடித்தண்டு வயதாக ஆகப் பருப்பதும் இல்லை. அந்த விழுதுகள்தான் கால். தேவைக்கு ஒன்றிரண்டு எடுத்தால் தப்பில்லை. நம் ஊரில் சுண்ணாம்பு அடிக்கத் தாழை விழுதை நறுக்கி நுனியைத் தட்டி மட்டை செய்வார்களே, அந்த நார் இதிலும் உண்டு.

இலையில் பாய் முடையலாம். ஆனால் விளிம்பு இரண்டிலும், நடு நரம்பின் அடியிலும் முள் ஓடும். மூன்று வரிசையையும் சீவி எடுத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகுதான் கை வைக்க முடியும். கேரளத்துத் தாழப்பாய்க்கும் ஏறக்குறைய இதே பக்குவம்தான்.

சாப்பிடுவதற்கு வருவோம். பச்சையாக வாயில் வைக்காதீர்கள், நாக்கும் தொண்டையும் அரிக்கும். பச்சை நிறம் மங்கி, சுளைகள் ஒன்றிலிருந்து ஒன்று விடத் தொடங்கும்போது இறக்குங்கள். சுளை ஒவ்வொன்றும் ஆப்பு போல இருக்கும், மேல்நுனி கட்டை, அடிப்பக்கம் சதை. பெரிய பானையில் மூடிபோட்டு மணிக்கணக்கில் வேகவிட வேண்டும். வெந்ததும் சதையைச் சிப்பி ஓட்டால் வழிப்பார்கள். சதை பசையாக இறங்கும், கையில் நார் மட்டும் தூரிகை மாதிரி நிற்கும். அந்த நாரைப் பொறுக்கி எடுத்துப் பசையைப் பிசைந்தால் இனிப்பான மாவுருண்டை தயார். தேங்காய்ப்பாலோடு எனக்கு மிகவும் பிடிக்கும். முதல்முறை நண்பரின் வீட்டுப் பெண்கள் யாராவது பக்கத்தில் நின்று காட்டட்டும். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் உங்கள் தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் கரையோரத் தென்னையோடு தாழையும் ஏராளமாகப் போயிற்று. அதனால்தான் தப்பி நிற்கும் ஒரு காய்ப்பு மரத்தை வெட்ட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. கூடுதல் கன்றுக்காகப் பழங்குடி ஒதுக்கப் பகுதிக்குள் போகாதீர்கள். பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956 ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கே நுழைவதே குற்றம். உங்கள் மரமே போதும். பாக்குக் கன்றை மரத்திலிருந்து 15 அடி உள்ளே தள்ளி நடுங்கள். கடற்காற்றைத் தாழை முதலில் வாங்கிக்கொள்ளும், பாக்கு இலை கருகுவது குறையும்.