ஹிப்பாரியன்னா மட்டக்குதிரை, அவ்ளோதான்

மூணு விரல் இருந்த அழிஞ்சுபோன குதிரைக்கு ஹிப்பாரியன்னு ஏன் பேர் வச்சாங்க, அதுல மூணுன்னு அர்த்தம் வருதான்னு கேட்டிருக்கீங்க. வரலைங்க. கிரேக்கத்துல ஹிப்போஸ்னா குதிரை, அதோட வால்ல ஒரு சின்ன ஒட்டு சேர்த்து ஹிப்பாரியன்னு சொன்னா சின்னக் குதிரை, அதாவது நாம மட்டக்குதிரைன்னு சொல்றோமே அது. 1832ல பிரான்ஸ் நாட்டுக்காரர் ஜூல்ஸ் து கிறிஸ்டோல் வச்ச பேரு. ஹிப்போபொட்டாமஸ்ல இருக்கறதும் இதே ஹிப்போஸ்தான் (பொட்டமோஸ்னா ஆறு), அவ்வளவு ஏன், பிலிப்ங்கற பேருக்கே குதிரைகள நேசிக்கிறவன்னுதான் அர்த்தம்.

மூணு விரல்னதும் மூணையும் சமமா ஊனி நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க, நடு விரல்தான் பெருசு, பாரம் பூரா அதுலதான், பக்கத்து ரெண்டும் குட்டிக் குளம்போட கொஞ்சம் மேல நிக்கும். இப்ப இருக்கற குதிரையோட கால் எலும்ப எடுத்துப் பாத்தீங்கன்னா பெரிய எலும்புக்கு ரெண்டு பக்கமும் குச்சி மாதிரி ரெண்டு எலும்பு ஒட்டிட்டு இருக்கும், அது அந்தப் பழைய விரல்களோட மிச்சம். எனக்கு இது எத்தன தடவ படிச்சாலும் சிலிர்க்கும்.

பேருங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது சிவால்ஹிப்பஸ். வட அமெரிக்காவுல தோன்றின ஹிப்பாரியன் கூட்டம் சுமார் 1 கோடியே 10 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, அலாஸ்காவும் சைபீரியாவும் தரையா ஒட்டியிருந்த வழியா ஆசியாவுக்குள்ள வந்து பரவி இமயமலை அடிவாரம் வரைக்கும் வந்துடுச்சு, அங்க சிவாலிக் மலையில கிடைச்ச ஒரு வகைக்கு லைடெக்கர்ங்கற இங்கிலாந்து ஆய்வாளர் 1877ல மலைப்பேரையும் குதிரையையும் சேர்த்து வச்ச பேரு அது. மெரிகிப்பஸ்னும் ஒண்ணு இருக்கு, அசைபோடும் குதிரைன்னு அர்த்தம், ஆனா குதிரை எங்கங்க அசைபோடுது? 1856ல ஜோசப் லெய்டிங்கற அமெரிக்க ஆய்வாளர் வச்சது, பேர் நிலைச்சுடுச்சு.

தான்சானியாவுல லேட்டோலின்னு ஒரு இடம், அங்க சுமார் 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி எரிமலைச் சாம்பல்ல நம்ம மூதாதைங்க ரெண்டு கால்ல நடந்த தடம் இருக்கு, அதே சாம்பல்ல ஒரு ஹிப்பாரியனும் அதோட குட்டியும் நடந்துபோன தடமும் இருக்கு.