அம்மாவுக்கு ரத்தசோகை: டாப்ளர் ஸ்கேனில் குழந்தையிடம் எதைப் பார்க்கிறார்கள்?

கேள்வி: என் தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். இப்போது 28 வாரம், எடை 50 கிலோ, ஹீமோகுளோபின் 7.2. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்ததால் டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள். டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எம்.சி.ஏ. பி.எஸ்.வி. 41' என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் அது குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் அளவு என்கிறார்கள். அப்படியானால் குழந்தைக்கும் ரத்தம் குறைவா? வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற வேண்டி வருமா? இரண்டு வாரம் கழித்து மறுபடி டாப்ளர் எடுக்கச் சொல்கிறார்கள். அடிக்கடி எடுத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லையா?

பதில்: முதலில் அந்த 41-ஐப் பார்த்துவிடுவோம். எம்.சி.ஏ. என்பது குழந்தையின் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான தமனி. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதில் ரத்தம் எட்டும் உச்ச வேகம்தான் பி.எஸ்.வி. 41 என்றால் விநாடிக்கு 41 சென்டிமீட்டர். 28 வாரக் குழந்தைக்கு இதன் நடு அளவு சுமார் 37. அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 55-ஐத் தாண்டினால்தான் குழந்தைக்கு ரத்தசோகை இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். உங்கள் தங்கையின் குழந்தைக்கு இருப்பது 1.1 மடங்கு. இது இயல்பான அளவு, பயப்பட வேண்டாம்.

வாரம் ஏற ஏற இந்த வேகமும் ஏறும். 32 வாரத்தில் நடு அளவே 44 ஆகிவிடும். அதனால் அடுத்த ஸ்கேனில் எண் கூடியிருந்தால் உடனே கலங்கிவிடாதீர்கள். அந்த வாரத்து நடு அளவைப்போல எத்தனை மடங்கு என்று மட்டும் கேளுங்கள்.

அம்மாவுக்கு ரத்தம் குறைந்தால் குழந்தைக்கும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி. குழந்தை தன் ரத்தத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடுமே தவிர, சாதாரணமாகக் கலப்பதில்லை. அம்மாவிடம் இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் நஞ்சுக்கொடி இருப்பதை இழுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். தாய்க்கு 7 கிராம் இருக்கும்போதே குழந்தைக்கு 12, 13 கிராம் இருப்பது சாதாரணம்.

அதற்காக அம்மாவின் ரத்தசோகையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுமையான ரத்தசோகையில் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், பிறந்த பிறகு அதன் இரும்புச்சத்துச் சேமிப்பும் சீக்கிரம் தீர்ந்துபோகலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் அதைத் தாங்கும் தெம்பு தாய்க்கு இருக்காது. உங்கள் மருத்துவர் டாப்ளர் எடுக்கச் சொன்னது பெரும்பாலும் இதை வைத்துத்தான். நஞ்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்கிறதா, குழந்தை வளர்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு விடை ரிப்போர்ட்டின் வேறு வரிகளில் இருக்கிறது.

தொப்புள்கொடித் தமனியின் அளவுகளைப் பாருங்கள். குழந்தையின் இதயம் துடிக்கும்போது ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி வேகமாகப் பாயும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ஓட்டம் நிற்காமல் முன்னோக்கியே போக வேண்டும். நஞ்சுக்கொடி பழுதானால் முதலில் குறைவது இந்த ஓய்வுநேர ஓட்டம்தான். அது முற்றிலும் நின்றுபோவதும், பின்னோக்கித் திரும்புவதும் ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம்.

எம்.சி.ஏ.விலும் பி.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். அது வேகத்தை அல்ல, ரத்தக்குழாயில் இருக்கும் தடையைக் காட்டுவது. ஆக்ஸிஜன் போதாதபோது குழந்தை மூளையைக் காப்பாற்ற அங்கே போகும் குழாய்களை விரித்துக்கொடுக்கும், அப்போது இந்த எண் இறங்கும். அம்மாவின் ரத்தசோகை மிகக் கடுமையாக இருந்த கர்ப்பங்களில் இப்படி இறங்கியிருப்பதைச் சில ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆக ஒரே ரத்தக்குழாய் இரண்டு சேதி சொல்கிறது: வேகம் ஏறினால் குழந்தையின் ரத்தம் நீர்த்திருக்கலாம், தடை இறங்கினால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் போதாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

சிகிச்சை பலன் தருகிறதா என்பதை டாப்ளரில் பார்க்க முடியாது. அதற்கு ரத்தப் பரிசோதனைதான். எவ்வளவு இரும்பு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எடை 50, ஹீமோகுளோபின் 7.2-லிருந்து 11-க்கு ஏற 3.8 வேண்டும். இரண்டையும் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கினால் 456. உடம்பில் சேமிப்புக்கு 500 சேர்த்தால் 956 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு கிராம். இரும்பு சுக்ரோஸ் என்றால் தடவைக்கு 200 வீதம் பல தவணையாக ஏற்றுவார்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் 1000 மில்லிகிராம்வரை ஒரே டிரிப்ஸில் ஏற்றலாம். மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள். எதிர்பார்த்தபடி ஏறாவிட்டால் பி12 குறைபாடு, தலசீமியா போன்றவற்றுக்கான பரிசோதனைகளைக் கேட்க வேண்டும். 28 வாரத்தில் 7.2 என்றால் இரும்பு வேலை செய்யக் கால அவகாசம் இருக்கிறது. 34 வாரத்துக்கு மேல் இதே அளவு இருந்தால் அம்மாவுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது: தங்கையின் ரத்த வகை. பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ் என்றால் இந்த வாரமே கவனியுங்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா? அதைப் போடாமல் விட்டிருந்தால், பிரசவ நேரத்தில் கொஞ்சம் கலந்துவிட்ட முதல் குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக அம்மாவின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய் இந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனையில் இது தெரியும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி போட வேண்டும், சரியாக இப்போது. எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பிறகு அந்த ஊசியால் பயன் இல்லை.

பி.எஸ்.வி. அளவு உண்மையில் உயிர் காப்பது இந்தக் குழந்தைகளுக்குத்தான். சிவப்பணு குறையும்போது ரத்தம் நீர்த்துவிடும், இதயமும் கூடுதலாகப் பம்ப் செய்யும். நீர்மோர் கெட்டித் தயிரைவிட வேகமாக ஓடுவதுபோல, மூளைத் தமனியில் வேகம் கூடும். ஜியான்கார்லோ மாரியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2000-இல் இந்த ஒன்றரை மடங்கு எல்லையை நிறுவினார்கள். அதற்கு முன்பு பனிக்குடத்தில் ஊசி குத்தி நீரை எடுத்துத்தான் ரத்தசோகையை ஊகிக்க வேண்டியிருந்தது. இப்போது ஊசி இல்லாமலே தெரிகிறது.

எல்லையைத் தாண்டினால் தொப்புள்கொடியின் சிரையில் மெல்லிய ஊசி செலுத்தி, குழந்தையின் ஹீமோகுளோபினைப் பார்த்து, அப்படியே ரத்தமும் ஏற்றுவோம். நியூசிலாந்தில் வில்லியம் லைலி 1963-இல் குழந்தையின் வயிற்றறைக்குள் ரத்தம் செலுத்தித் தொடங்கிவைத்த சிகிச்சையின் இன்றைய வடிவம் இது. ஏற்றிய பிறகு டாப்ளரை அப்படியே நம்பிவிட முடியாது. ஏற்றியது பெரியவர்களின் ரத்தம். அதன் அணுக்கள் அளவில் சிறியவை, ஓடும் தன்மையும் வேறு. அதனால் பழைய எல்லை அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நாளுக்குச் சுமார் 1 சதவீதம் இறங்கும் என்ற கணக்கையும் டாப்ளரையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த தேதியைக் குறிப்போம். 35 வாரத்துக்கு மேல் பி.எஸ்.வி. தவறாக எச்சரிப்பதும் கூடும்.

அளவு எடுப்பதில் கைப்பழக்கமும் நிறைய உண்டு. தமனி தொடங்கும் இடத்தில், ஒலிக்கற்றையும் ரத்த ஓட்டமும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பிடிக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்தாலே வேகம் 13 சதவீதம் குறைவாகக் காட்டும். குழந்தை அசையும்போதோ, மார்பு மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கும்போதோ எடுத்த அளவும் சரியாக இருக்காது. அப்போது காத்திருக்க வேண்டும், அப்புறம் மூன்று தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் ஸ்கேன் அறையில் 20 நிமிடம் ஆனால், "ஏதோ பிரச்சினைபோல" என்று நினைக்காதீர்கள்.

கெடுதல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இது எக்ஸ்-ரே இல்லை, கதிர்வீச்சு கிடையாது. சாதாரண ஸ்கேனைவிட டாப்ளர் கொஞ்சம் கூடுதல் ஆற்றலைச் செலுத்தும் என்பது உண்மை. அதனால்தான் முதல் பத்து வாரங்களில் அதைத் தவிர்க்கிறோம், பிறகும் தேவையான நேரம் மட்டும் இயக்குகிறோம். 28 வாரத்தில், காரணத்தோடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதில் தவறில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் குழந்தையின் எடை வளைகோட்டில் சரியாக ஏறியிருந்து, தொப்புள்கொடி ஓட்டமும் இயல்பாக இருந்தால், இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஸ்கேன் தேதிவரை காத்திருக்காதீர்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, தங்கைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படபடப்பு அடங்காவிட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரவானாலும் சரி, நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போகும்போது ரத்த வகை எழுதிய அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.