துண்டுக்கு முகம் கிடையாது

வணக்கம். மதுரையிலிருந்து மாற்றலாகித் தூத்துக்குடி வந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே கடையில் துண்டு போட்டுத் தரும் வஞ்சிரம்தான் வாங்குவேன். போன சனிக்கிழமை திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். எல்லாம் முழுமீன். பெயரும் தெரியவில்லை, புதுசா பழசா என்றும் தெரியவில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன். எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது? ஏழு வயது மகனுக்கு வேறு முள்ளென்றால் பயம்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் நின்ற இடம் நாட்டுப்படகுகள் அணையும் கரை. அங்கே போய்விட்டு மீனில்லாமல் வந்தீர்களே என்று மனசு கேட்கவில்லை. வஞ்சிரத்தை இங்கே சீலா என்போம். அதையே தேடாதீர்கள். "இன்னைக்கு என்ன மீன் பட்டிருக்கு?" என்று கேளுங்கள். விளைமீன், பாறை, ஊளி, சாளை (மத்தி) என்று பதில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அப்போதும் நாட்டுப்படகு மீன் உண்டு.

முழுமீனைத்தான் வாங்கச் சொல்வேன். துண்டுக்கு முகம் கிடையாது. முழுமீன் கண்ணாலும் செவுளாலும் உண்மையைச் சொல்லிவிடும். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். கண் புடைத்துப் பளபளக்க வேண்டும். தலையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் வால் தொங்கக் கூடாது. சாளைக்கு வயிற்றைப் பாருங்கள், முதலில் உடைவது அதுதான். சாளை, அயிலை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துவிடும்.

முதல் தடவைக்கு அரைக்கிலோ அளவில் ஒரு விளைமீன் வாங்குங்கள். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். குடலை எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் கசக்கும். செவுளை முழுக்கப் பிய்த்துவிடுங்கள். தலை இருக்கட்டும்.

இரு பக்கமும் எலும்பு தட்டும்வரை மூன்று மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, அரைத்த சின்ன வெங்காயமும் பூண்டும் போதும். கீறலுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பலரும் மீனைப் பிய்த்துவிடுவது இந்த இடத்தில்தான். தோல் வெந்து முறுகியதும் தானாகவே கல்லை விடும். கரண்டியை லேசாகக் கொடுத்துப் பாருங்கள். வழுக்கினால் திருப்பலாம், ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் சதை எலும்பை விட்டுப் பிரிந்தால் வெந்துவிட்டது.

குழம்பென்றால் சாளை. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து, புளிக்கரைசலில் கலந்து, பச்சை வாசம் போகக் கொதித்த பிறகே மீனைப் போடுங்கள். அதற்குப் பின் கரண்டி படக்கூடாது. அம்மா சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி வைப்பாள். ஒரு மீன்கூட உடையாது.

மகனுக்குச் சாளை இப்போது வேண்டாம். விளைமீனில் முள் பெரிசு, கண்ணுக்குத் தெரியும். முதுகுப் பக்கம் நடுமுள்ளை ஒட்டி விரலால் நெம்பினால் சதை பாளமாக வரும். அதை அவனையே எடுக்கச் சொல்லுங்கள்.