நரம்பியல் கேள்வி–பதில்: மடை திறக்கும் டோபமின்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயர்கள் முதலெழுத்துகளாகச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. வலக்கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது, கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்த மருத்துவர், மூளையில் டோபமின் குறைந்துவிட்டதாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். ஒரு ரசாயனம் குறைவதால் இத்தனையும் எப்படி நேரும்?
— க. சு., மன்னார்குடி

பதில்: நீங்கள் காவிரிப் பாசன ஊர்க்காரர், ஆகவே வாய்க்கால் மடையை வைத்தே விளக்கலாம்.

பெருமூளையின் அடியாழத்தில் இரு புறமும் பேசல் கேங்க்லியா எனப்படும் நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. மூளையின் புறணியில் உருவாகும் அசைவுத் திட்டங்கள் அவற்றுள் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்கு முதலில் வந்து சேர்கின்றன. அங்கே செய்தியைச் சேர்ப்பிப்பது குளூட்டமேட் என்னும் தூண்டும் கடத்தி (ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் ரசாயனம்). மறுமுனையில், செய்தி வெளியேறும் இடத்தில், குளோபஸ் பாலிடஸ் என்னும் திரளின் உட்பகுதி இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அங்குள்ள அணுக்கள் நொடிக்குப் பல பத்து முறை துடித்து, காபா என்னும் அடக்கும் கடத்தியை, புறணிக்குச் செய்தியைத் திருப்பி அனுப்பும் தாலமஸின்மீது சுரந்துகொண்டே இருக்கின்றன. அதாவது, எல்லா மடைகளும் அடைபட்டிருப்பதே இங்கு இயல்பு நிலை. எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மடை மட்டும், வேண்டிய நேரத்துக்கு மட்டும் திறக்கப்படுகிறது.

ஸ்ட்ரையேட்டத்தின் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை தாமும் காபாவையே சுரப்பவை என்றாலும், அவை இரு அணிகளாகப் பிரிந்து வேலை செய்கின்றன. டோபமின் வந்து அமரும் இடங்களான ஏற்பிகளுள் டி1 என்பதைக் கொண்ட அணி பாலிடஸின் உட்பகுதியை நேராக அடக்குகிறது. அடக்குபவனை அடக்கிவிட்டால் மடை திறந்துகொள்ளும். டி2 ஏற்பியைக் கொண்ட அணியோ பாலிடஸின் வெளிப்பகுதி, சப்தாலமிக் நியூக்ளியஸ் என்னும் சிறு திரள் ஆகியவற்றின் வழியே சுற்றிச் சென்று மடையை மேலும் இறுக்குகிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கருநிறத் திட்டிலிருந்து வரும் டோபமின் முதல் அணியை ஊக்கி, இரண்டாம் அணியைத் தணிக்கிறது. இரண்டு வேலையின் பலனும் அசைவை எளிதாக்குவதுதான். அந்தத் திட்டின் அணுக்கள் அழிந்து டோபமின் வற்றும்போது, திறக்க வேண்டிய மடை திறக்கத் தயங்குகிறது. நடை குறுகுவதும், எழுத்து சிறுப்பதும், முகபாவம் உறைவதும் அதன் விளைவுகளே.

ஆனால், நீங்கள் முதலில் குறிப்பிட்ட நடுக்கத்தை இந்த மடைக் கணக்கு விளக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். டோபமின் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கும் நடுக்கம் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கும் நெருங்கிய பொருத்தம் இல்லை. நடுக்கத்தில் சிறுமூளையும் தாலமஸும் சேர்ந்த இன்னொரு சுற்றுக்கும், செரட்டோனின் என்னும் வேறொரு கடத்திக்கும் பங்குண்டு. மருந்து தொடங்கியதும் உங்கள் தந்தையின் நடை தேறி, நடுக்கம் மட்டும் பிடிவாதமாக நீடித்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கேள்வி: டோபமின்தான் குறைவு என்றால் டோபமினையே மாத்திரையாகக் கொடுக்காமல் லெவோடோபா என்று எதையோ கொடுப்பது ஏன்? பூனைக்காலி விதையில் அதே மருந்து இருப்பதாகச் சொல்கிறார்களே, அந்தப் பொடியே போதாதா?
— இரா. மு., தென்காசி

பதில்: ரத்தத்திலிருந்து மூளைக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று காக்கும் தடுப்பு ஒன்று உண்டு, டோபமின் அதைக் கடக்காது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். உணவிலிருந்து வரும் பிற அமினோ அமிலங்கள் செல்லும் வாயில் வழியாகவே அது உள்ளே நுழைந்து, மூளைக்குள் டோபமினாக மாறுகிறது. வழியிலேயே மாறி வீணாகாமலும், குமட்டலை உண்டாக்காமலும் இருப்பதற்காகவே கார்பிடோபா அல்லது பென்செரசைடு சேர்க்கப்படுகிறது.

பூனைக்காலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததாக 1937-ஆம் ஆண்டு ஆய்விதழில் அறிவித்தவர்கள், சென்னையில் பணியாற்றிய தாமோதரன், ராமசாமி என்னும் இரு வேதியியலர்கள். ஆனால், அந்தப் பொருளால் மூளைக்கு என்ன பயன் என்பது அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. அது தெரிவதற்கு இன்னொரு இந்தியத் தாவரம் வழிகாட்ட வேண்டியிருந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின், அக்காலத்தில் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்பட்டுவந்த மருந்து. அதை உட்கொண்ட சிலருக்குப் பார்க்கின்சன் நோயைப் போன்ற விறைப்பு வந்தது. டோபமினை நரம்பு முனையிலுள்ள நுண்பைகளுக்குள் சேமிக்க விடாமல் தடுப்பதே ரெசர்பினின் வேலை. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கச் செய்து, பின் லெவோடோபா ஊசியால் அவற்றை எழுந்து நடமாட வைத்தார். 1960-இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். குறைந்த அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனால் வாய்வழி மருந்தாகவே இது பலன் தரும் என்று 1967-இல் ஜார்ஜ் கொட்சியாஸ் நிறுவிய பிறகுதான் லெவோடோபா நடைமுறைச் சிகிச்சையானது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இத்தனை பெருமை இருந்தும், மாத்திரைக்குப் பதிலாகப் பொடி என்பதை நான் ஏற்க மாட்டேன். விதைக்கு விதை, பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு மாறுகிறது. இந்நோயில் அளவும் நேரமுமே சிகிச்சை. மாத்திரையோடு பொடியையும் சேர்த்து எடுத்தால் உடல் முறுக்கும் அசைவுகளும் மனக்குழப்பமும் வரலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து: கடும் விறைப்பும் காய்ச்சலும் கண்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இன்னொன்று, பலருக்கும் சொல்லப்படாமல் போவது: பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு மாத்திரையை எடுத்தால், அதே வாயிலுக்காக அமினோ அமிலங்கள் போட்டியிடுவதால் மருந்தின் பலன் குறைகிறது. ஆகையால், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ எடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் புரதம் குறைந்த ஏதேனும் சிறிது உண்ணலாம்.

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. தலைசுற்றலுக்கென்று ஒருமுறை எழுதிக் கொடுத்த மாத்திரையை எட்டு மாதங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். இப்போது இரு கைகளும் விறைத்து, நடையும் மெலிந்துவிட்டது. இதுவும் பார்க்கின்சன் நோய்தானா?
— ஜெ. பா., திண்டுக்கல்

பதில்: மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதுதான் இதில் முதன்மையான செய்தி. தலைசுற்றலுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகிய நான்கும் வெவ்வேறு நோய்களுக்கானவை என்றாலும், நான்கும் டி2 ஏற்பியை அடைத்துக்கொள்ளக் கூடியவை. டோபமின் போதிய அளவு சுரந்தும், அது சென்று அமர வேண்டிய இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கிறது. முதியோருக்கு இதன் பாதிப்பு மிகுதி. இரு புறமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்குவது மருந்தால் வருவதன் பக்கம் சாய்கிறது. பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காரணமான மருந்து நிறுத்தப்பட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். தேறாத சிலருக்கு, மறைந்திருந்த பார்க்கின்சன் நோயை மருந்து முன்கூட்டியே வெளிப்படுத்தியிருக்கக்கூடும். தலைசுற்றல் மாத்திரையைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கித் தின்னும் வழக்கம் நம்மிடையே எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை எண்ணும்போது, உங்கள் தாயார் இதில் தனி ஒருவர் அல்லர் என்றே தோன்றுகிறது.

கேள்வி: டோபமின் என்பது மகிழ்ச்சி தரும் ரசாயனம் என்று எங்கும் படிக்கிறேன். அப்படியானால் பார்க்கின்சன் நோயாளிக்கு மருந்து கொடுத்ததும் மகிழ்ச்சி பொங்க வேண்டாமா?
— வி. த., கோவை

பதில்: அந்த அடைமொழியே பிழையானது. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் சாறு வந்தபோது டோபமின் அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பின் விளக்குக்கே துடித்தன, சாற்றுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் சமிக்ஞை அது. மகிழ்ச்சி பொங்குவதில்லை, ஆனால் டோபமினைப் போலவே செயல்படும் பிராமிபெக்சோல் போன்ற மருந்துகளால் சிலர் சூதாட்டத்திலோ, பொருள் வாங்கிக் குவிப்பதிலோ கட்டுப்பாடிழப்பதுண்டு. வெட்கத்தால் நோயாளி சொல்லமாட்டார். வீட்டார்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் மாமனாருக்கு ஹண்டிங்டன் நோய். உடல் தானாக நெளிந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. டோபமினைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். குறைந்தாலும் நோய், கூடினாலும் நோயா? என் கணவருக்கு 34 வயது, எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. யார் யாருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமனாருக்கு டோபமின் அளவுகடந்து சுரந்துவிட்டதால் வந்த நோயன்று இது. இங்கே அழிவது ஸ்ட்ரையேட்டத்தின் காபா அணுக்கள். அவற்றிலும் டி2 அணிதான் முதலில் மெலிகிறது. மேலே சொன்ன உவமையில், மடையை இறுக்கிப் பிடிப்பவர்கள் போய்விடுகிறார்கள். கேட்காத வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்கிறது. நோய் முற்றியபின் மற்ற அணியும் அழியும்போது ஆட்டம் ஓய்ந்து விறைப்பு வருவதும் இதனால்தான். கொடுக்கப்படும் மருந்து டெட்ராபெனசின் என்றால், அதன் செயல் ரெசர்பினுடையதைப் போன்றதே: நுண்பைகளில் டோபமின் சேர்வதைத் தடுக்கிறது. முயலை முடக்கிய அதே வழி இங்கே ஆட்டத்தைத் தணிக்கிறது. அது மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடும் என்பதால், அவர் வாழ்வில் பிடிப்பற்றுப் பேசினால் அதை நோயின் இயல்பென்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்நோயை 1872-இல் விவரித்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர். காரணமான மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது, வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடு, 1983-இல் உறுதியாயிற்று. அந்த மரபணுவில் சிஏஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். உங்கள் கணவருக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி.

ஆயினும், பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நோயைத் தடுக்கும் மருந்து இல்லாதபோது, அறிய விரும்புவதும் விரும்பாததும் அவருடைய உரிமை. நீங்களோ பெரியவர்களோ வற்புறுத்தக் கூடாது. மரபியல் ஆலோசனைக்குப் பின்னரே ரத்தம் கொடுக்க வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாத உங்கள் மகளுக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். வயது வந்தபின் அவளே முடிவெடுப்பாள். இன்னொரு குழந்தை பெற எண்ணினால், அதற்கு முன் இருவரும் ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: 11 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுள்ள என் அண்ணனுக்கு மூளையில் மின்முனை வைக்கலாம் என்கிறார்கள். ஏற்கெனவே பழுதான மூளையில் மின்சாரம் பாய்ச்சினால் எப்படிச் சரியாகும்? அவர் அடிக்கடி தடுமாறி விழுகிறார், அது நிற்குமா?
— சா. கு., யாழ்ப்பாணம்

பதில்: டோபமின் வற்றியபின் சப்தாலமிக் நியூக்ளியஸ் மட்டுமீறித் துடிக்கிறது, அது சுரக்கும் குளூட்டமேட் மடையை மேலும் மேலும் இறுக்குகிறது. 1990-இல் பெர்க்மன், விக்மன், டிலாங் ஆகியோர் நோயுண்டாக்கப்பட்ட குரங்குகளில் அந்தத் திரளை அழித்தபோது அவற்றின் அசைவு மீண்டது. அழிக்காமலேயே, நொடிக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகளால் அதன் முறைகெட்ட தாளத்தைக் குலைக்கலாம் என்று காட்டிய வழி, பிரான்ஸின் கிரனோபிள் நகரில் பெனாபிடின் குழுவினருடையது.

இங்கே மடைக் கணக்கு மீண்டும் இடறுகிறது. பாலிடஸின் உட்பகுதியை அழித்தால் மடைகள் கட்டுக்கடங்காமல் திறந்து ஆட்டம் கூட வேண்டும். ஆனால் அந்த அறுவைக்குப் பின், லெவோடோபாவால் வந்த ஆட்டம் நின்றுவிடுகிறது. எத்தனை துடிப்புகள் என்பதைக் காட்டிலும் அணுக்கள் எந்த ஒழுங்கில் சேர்ந்து துடிக்கின்றன என்பதே முதன்மையானது என்ற கருத்து வலுப்பெற்றதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் அண்ணனுக்கு வருவோம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் எந்தத் தொல்லைகள் நீங்குகின்றனவோ, அவையே பெரும்பாலும் மின்முனையாலும் நீங்கும். நடுக்கம் மட்டும் மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் இதற்கு அடங்கக்கூடும். மாத்திரையின் பலன் சட்டென்று அற்றுப்போவதும், உச்சத்தில் உடல் முறுக்குவதும் குறையும். மாத்திரை எடுத்து நன்றாக இருக்கும் நேரத்திலும் அவர் விழுகிறார் என்றால், அதை இந்த அறுவை பெரும்பாலும் நிறுத்தாது. நினைவுத் தடுமாற்றம் இருந்தால் அறுவையே உகந்ததன்று. ஆகவே, எந்த நேரத்தில் மாத்திரை எடுத்தார், எப்போது விழுந்தார் என்பதை இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் மணிக்கணக்காகக் குறித்து, அந்த நோட்டோடு மருத்துவரைச் சந்தியுங்கள்.