சாவி கொடுத்த பிறகும் வாட்ஸ்அப் அனுப்பலாமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் சொத்து முகவராக இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 60 குடும்பங்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கவும் விற்கவும் உதவிய அவர், தீபாவளிக்கு அனைவருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியிருக்கிறார். ஒருவர் மட்டும், விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதிந்துகொள்ளும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் தமது எண் இருப்பதாகவும் புகார் கொடுக்கப் போவதாகவும் பதில் எழுதியிருக்கிறார். “அவருக்கு அந்த வீட்டை வாங்கித் தந்ததே நான்தான். இதில் என்ன தவறு?” என்று வாசகர் கேட்கிறார்.

வாழ்த்து மட்டும் அனுப்பியிருந்தால் தவறு இல்லை. ஆனால், நீங்கள் இணைத்திருக்கும் செய்தியில் விளக்குப் படத்துக்குக் கீழே, “உங்கள் வீட்டின் இன்றைய விலை தெரியுமா? விற்பதென்றால் அழையுங்கள்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான் வாழ்த்தை விளம்பரமாக்குகிறது. சிங்கப்பூர் எண்ணுக்கு விளம்பரச் செய்தி அனுப்புமுன் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பது 2014 முதல் நடப்பில் உள்ள விதி. வாட்ஸ்அப்பும் அதற்குள் அடங்கும்.

“அவர் என் வாடிக்கையாளர்” என்ற சமாதானம் இங்கே செல்லாது. வாடிக்கையாளருடன் தொடரும் உறவுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மைதான். அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டுத்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு முறை நடந்து முடிந்த விற்பனை மட்டுமே தொடரும் உறவாகிவிடாது. வீட்டு உரிமையாளர் ஒருவர் தமது வீட்டை வாடகைக்கு விடும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்து, அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தால் அது தொடரும் உறவு. அப்போதும் அந்த வாடகை தொடர்பாகக் எழுத்துச் செய்தி அனுப்ப மட்டுமே விலக்கு உதவும். தொலைபேசியில் அழைத்து விளம்பரம் செய்ய உதவாது. அதே உரிமையாளரிடம் புதிய கொண்டோமினியத்தை விற்க முயலவும் உதவாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சாவி வாங்கிச் சென்றவர் இந்த விலக்குக்குள் வரவே மாட்டார்.

ஆகவே, எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அதைக் கேட்க உகந்த நேரம் சாவி கைமாறும் நாள். “வீடு தொடர்பான தகவல்களை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சம்மதிக்கிறேன்” என்று தனித் தாளில் எழுதி, தேதியுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் இருந்தால், எண் பதிவேட்டில் இருந்தாலும் அனுப்பலாம். அவர் சம்மதத்தை மீட்டுக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். முகவர்களுக்கான வகுப்புகளில் பேச்சுத் திறமைக்குச் செலவிடும் நேரத்தில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கியிருந்தால், இந்தக் கேள்வி எனக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, எண் பட்டியல் விற்கும் இடைத்தரகர்கள். “ஐந்து ஆண்டு முடியப்போகும் வீடுகளின் உரிமையாளர் எண்கள்” என்று சில நூறு வெள்ளிக்குக் கோப்பு ஒன்றைத் தருவார்கள். எல்லாரும் சம்மதித்தவர்கள் என்று கூசாமல் சொல்வார்கள்; சம்மதத்தாளைக் காட்டச் சொன்னால் ஆளையே காணமுடியாது. விற்றவர் மீது குற்றம் இருந்தாலும், செய்தி அனுப்பியவரின் பொறுப்பு அதனால் குறையாது.

சம்மதம் தந்தவருக்கு என்ன அனுப்புவது என்றால், அவருக்கு உரிய தேதிகளை அனுப்புங்கள். வீவக வீட்டை விற்குமுன் அதில் குடியிருந்தாக வேண்டிய, பொதுவாக 5 ஆண்டு என்ற குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் எந்த மாதம் முடிகிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகவல். தனியார் வீடு வாங்கியவருக்கு, வாங்கிய சில ஆண்டுகளுக்குள் விற்றால் கட்ட வேண்டிய விற்பனையாளர் முத்திரை வரி எப்போது நீங்கும் என்று சொல்லலாம்; 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீடுகளுக்கு அது 4 ஆண்டு, அதற்குச் சற்று முன் வாங்கியவர்களுக்கு 3 ஆண்டு. ஆண்டுக்கு இரண்டு செய்தி போதும்.

புகார் சொன்னவரிடம் இன்றே மன்னிப்புக் கேட்டு, அவரது எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதையும் தெரிவியுங்கள். மற்ற 59 பேரும் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களின் எண்களை முதலில் பதிவேட்டில் சரிபாருங்கள். அதில் இல்லாதவர்களிடம் மட்டும் இப்போது சம்மதம் கேளுங்கள்.